நான்காம் நிமிடத்துச் சிரிப்பு

ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் பல்செட்காரர் மேல் யாரும் ஒரு புகார் சொன்னது கிடையாது. பல் போனவர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். பல் டாக்டர்கள் ஈறின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரும் கடியைச் சரிபார்த்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். நகரத்துப் பெரிய மனிதர்கள் மேடையில் சிரிக்கிற சிரிப்பில் பாதி இவர் பட்டறையில் உருவானது. சொந்தமாகச் சிரிக்க மட்டும் இவருக்கு நேரம் வாய்த்ததில்லை.

அவர் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். புருஷனும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். இருபத்தாறு வருஷம் பரீட்சை ஹாலில் நின்று நின்று, பிள்ளைகளிடமிருந்தே டீச்சர் ஒரு வித்தை கற்றிருந்தார். முகத்தில் ஒரு கோடு மாறாது, உதடு அசையாது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் காதில் மட்டும் ஒரு வாக்கியம் விழும். விழுந்தவர் பாடு திண்டாட்டம். டீச்சர் பாட்டுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். "வீட்டுக்குள்ளேயே ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு உக்காராதீங்கப்பா. வெளிய போங்க. பாட்டு, நாடகம்னு எதையாவது பாருங்க" என்று போனில் சொன்னாள். மறுநாளே டீச்சரின் தம்பி வந்து நின்றான். அவனுக்கு மாநகரக் கலை மன்றத்தில் வேலை. நாற்காலிப் பிரிவு. அவன் கையில் ஓர் அட்டை.

"மாமா, இதுக்குப் பேரு மாலைச் சீட்டு. ரெண்டு பேருக்குப் பத்து மாலை. ஓவியம், இசை, நாடகம் எல்லாம் அடக்கம். நகரத்தோட கலை மொத்தமும் இனிமே உங்க சட்டைப் பையில."

அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பதினெட்டு விதிகள் அச்சாகியிருந்தன. பல்செட்காரர் படிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களின் பட்டியலில் அன்றைக்குச் சேர்ந்தார்.

முதல் மாலை ஓவியக் கண்காட்சி. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் தரையில் இரண்டு பாதம் வரைந்திருந்தது. அதில் காலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் படம் முழுக்கச் சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை. பல்செட்காரர் பார்த்துவிட்டு நகர்ந்தார். காவலாளி ஓடி வந்தார்.

"சார், இந்தப் படத்துக்கு நாலு நிமிஷம். நீங்க ஒரு நிமிஷம்தான் பார்த்திருக்கீங்க."

"பார்த்து முடிச்சுட்டேனே."

"முடியாது சார். நாலு நிமிஷத்துக்கு முன்னால பார்த்து முடிக்க முடியாதுன்னு வல்லுநர் குழு சொல்லியிருக்கு."

இருவரும் மறுபடி பாதத்தில் கால் வைத்து நின்றார்கள். இரண்டாம் நிமிஷம் டீச்சர் சொன்னார்: "ரெண்டாவது கோட்டு பெயின்ட் அடிக்கறதுக்குள்ள திறந்து வச்சுட்டாங்க போல." பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்.

இரண்டாம் மாலை இசை நிகழ்ச்சி. ஆறு மணி என்று போட்டிருந்தது. ஆறு மணிக்கு மன்றத் தலைவர் பேச எழுந்தார். உயரமான மனிதர், வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. "இசை என்றால் என்ன?" என்று கேட்டார். சபையில் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஐம்பது நிமிஷம் அவரே சொன்னார். அப்புறம் துணைத்தலைவர், செயலாளர், முன்னாள் செயலாளர் என்று ஐந்து பேர், தலைவர் சொன்னது சரிதான் என்று சொன்னார்கள். பாடகி மேடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாட அவருக்குப் பதினோரு நிமிஷம் கிடைத்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் விளக்கை அணைத்தார்கள். மின்சாரப் பிரிவின் வேலை நேரம் முடிந்துவிட்டதாம்.

பல்செட்காரர் பேச்சைக் கேட்கவில்லை. தலைவரின் மேல்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் பட்டறையில் செய்தது. 'ச' வரும்போதெல்லாம் லேசாக விசில் வந்தது.

"கடி சரியில்ல" என்று மனைவியிடம் வருத்தப்பட்டார். "ஆனா என் தப்பில்ல. அளவெடுக்கும்போது ஒரு நிமிஷம் வாயை மூடணும்."

மூன்றாம் மாலைதான் நாடகம். பெயர், 'சுவர், மறுபடியும் சுவர்'. தலைவர் எழுதி, தலைவர் இயக்கி, தலைவர் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்து, தலைவர் கையால் தலைவர் பரிசு வாங்கிய நாடகம். இரண்டரை மணி நேரம். அதன் உச்சம், கதாநாயகன் சபைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து ஒன்பது நிமிஷம் பேசாமல் நிற்பது. நோட்டீஸில் அதை மாபெரும் மௌனம் என்று போட்டிருந்தார்கள். ஹாலில் ஒரு தும்மல்கூட இல்லை. ஆளாளுக்கு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நிமிஷம் டீச்சர் சொன்னார்:

"என் கிளாஸ்ல வீட்டுப்பாடம் செய்யாதவனை இப்படித்தான் நிக்க வைப்பேன். அதுக்கு டிக்கெட் போட்டதில்ல."

பல்செட்காரர் வாயைப் பொத்தினார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பிடித்தார். அது பழையபடி வாய்க்கே வந்து, கையைத் தள்ளிக்கொண்டு வெளியேறியது. ஆறே விநாடிதான். முன்வரிசையில் இரண்டு பேருக்குத் தொற்றியது. அவர்கள் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். விவரம் தெரிந்தவர்கள். அடுத்த கணம் ஒரு டார்ச் வெளிச்சம் பல்செட்காரர் முகத்தில் விழுந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு குரல், "ஆறாம் வரிசை, பதினாலு" என்று குறித்துக்கொண்டது.

எட்டாம் நாள் கடிதம் வந்தது.

'மேற்படி நாளில், மேற்படி மௌனத்தின் நான்காம் நிமிடம் இருபதாம் விநாடியில், சிரிப்பு எனக் கருதப்படும் ஒலியைத் தாங்கள் தொடர்ந்து ஆறு விநாடிகள் எழுப்பியதாக எதிர்வினைப் பிரிவு அறிக்கை அளித்துள்ளது. மாலைச் சீட்டு விதி பதினான்கின்படி தாங்கள் ரசிகர் நடத்தைக் குழுவின் முன் நேரில் வர வேண்டியது. வராவிட்டால் வந்ததாகக் கருதப்படுவீர்கள்.'

தம்பி அலறியடித்துக்கொண்டு வந்தான். "மாமா, கால்ல விழுந்தாவது முடிச்சுடுங்க. என் வேலையே போயிடும். ஒண்ணு மட்டும் சொல்றேன். யாராவது தூண்டிவிட்டுச் சிரிச்சேன்னு சொன்னா உங்களுக்கு வெறும் எச்சரிக்கைதான். தூண்டினவங்க மேலதான் நடவடிக்கை. அவங்க அரசாங்க ஊழியரா இருந்தா அவங்க துறைக்குக் கடிதம் போயிடும்."

டீச்சர் சமையலறையில் இருந்தார். பல்செட்காரர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தலைமையாசிரியை பதவிக்கு டீச்சர் பெயர் போயிருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் பட்டியல் வர வேண்டும். பதினோரு வருஷக் காத்திருப்பு.

"உங்க அக்காகிட்ட இதைச் சொல்லாதே" என்றார்.

விசாரணை மன்றத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. தன் நாடகம் சம்பந்தப்பட்ட விசாரணையில் தலைவர் உட்காரக் கூடாது என்று விதி. ஆகவே அவர் நின்றுகொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் ரசனை அலுவலர் என்று பலகை வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"சிரிச்சீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க. வந்துடுச்சு."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. தானா வந்துச்சு."

நின்றுகொண்டிருந்த தலைவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "தானாகவா? என்னுடைய மௌனத்தைப் பார்த்துத் தானாகச் சிரிப்பு வந்ததா? முப்பது வருட உழைப்பு, ஐயா அது! ஒன்பது நிமிடமும் ஒரு சொல் எழுதாமல் இருக்க நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? சிரிக்கும்படி அதில் என்ன இருந்தது?"

"ஒண்ணுமே இல்லைங்க" என்றார் பல்செட்காரர் பணிவாக.

"எழுதிக்கொள்ளுங்கள்! ஒன்றுமே இல்லையாம். படைப்பை இழிவுபடுத்தியது. இது இரண்டாவது குற்றம்."

'படைப்பை' என்றதும் தலைவரின் மேல்வரிசை லேசாக இறங்கியது. பல்செட்காரரின் கை தன்னையறியாமல் முன்னால் போயிற்று. 'தலைவரை நோக்கிக் கை நீட்டியது' மூன்றாவது குற்றமாகப் பதிவானது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அடுத்தவர் வாயாலும் கெட்டார்.

தண்டனை, பன்னிரண்டு சனிக்கிழமை மாலைகள் ரசனைப் பயிற்சி. முடிவில் அதே நாடகத்தை மேற்பார்வையின் கீழ் மறுபடி பார்த்துத் தேற வேண்டும்.

பயிற்சி வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பல்செட்காரருக்கு இடப்பக்கம் ஒரு பஸ் டிரைவர். இசை நிகழ்ச்சியில், தலைவர் பேசும்போது தூங்கினவர். "ஓட்டற நேரத்துல தூங்கினா தப்பு, ஒத்துக்கறேன். உக்காந்திருக்கற நேரத்துல தூங்கினதுக்குமா?" என்று வாரா வாரம் கேட்பார். வலப்பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர், மிட்டாய்த்தாள் பிரித்த வழக்கு.

"இருமல் வந்துச்சு தம்பி. மிட்டாய் போட்டா நிக்குமேன்னு தாளைப் பிரிச்சேன். பேசாம இருமியிருக்கலாமாம். இருமல் அனுமதிப் பட்டியல்ல இருக்காம்."

அனுமதிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்க்கலாம். அரை மணிக்கு ஒரு பெருமூச்சு விடலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உடனே மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்க்கலாம். இது உயர்நிலை, மூன்றாம் மாதத்தில்தான் கற்றுத் தருவார்கள். கண்ணீர் வந்தால் துடைக்கக் கூடாது. எதிர்வினைப் பிரிவு வந்து எண்ணும் வரை விட்டுவைக்க வேண்டும்.

"மேடம், நீங்க அந்த நாடகத்தை முழுசா பார்த்திருக்கீங்களா?" என்று ஒருநாள் டிரைவர் கேட்டார்.

ரசனை அலுவலர் முகம் சிவந்தார். "நான் எதுக்குப் பார்க்கணும்? நான் அலுவலர். பார்வையாளர் இல்ல."

சனிக்கிழமைகளில் டீச்சர் தனியாகச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் புருஷனின் தலை இடப்பக்கம் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் போன் பேசியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். டீச்சர் வழக்கம்போல ஒரு வாக்கியம் சொன்னார். பல்செட்காரர் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று பார்த்தார்.

டீச்சர் கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தார்.

"ஏங்க, விசாரணையில என்னதான் சொன்னீங்க?"

"தானா சிரிச்சேன்னு."

"நான்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பட்டியல் வரட்டும் டீச்சர். பதினோரு வருஷம் காத்திருக்கே. பன்னெண்டு சனிக்கிழமைதானே, நான் போய்ட்டு வர்றேன்."

கணக்கில் புருஷன் சொல்வது சரி. அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கட்டை எடுத்து மறுபடி திருத்த உட்கார்ந்தார். அன்றைக்குத் திருத்தின தாள்களில் யாருமே உருப்படியாக மார்க் வாங்கவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை வகுப்புக்குப் போனால், வாசலில் பூங்கொத்தோடு தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். நகரங்களின் கலைவாழ்வை மதிப்பிட்டு மார்க் போடும் ஒரு வெளியூர்க் குழு அந்த மூன்றாம் மாலை நாடகத்துக்கு வந்திருக்கிறது. அதன் அறிக்கை வந்துவிட்டது. நூற்றுக்கு ஒன்பது மார்க். அந்த ஒன்பதும் ஒரே இடத்துக்குத்தான். 'மௌனத்தின் நடுவே சபையிலிருந்து எழுந்த ஒரு சிரிப்பு, அன்றைய மாலையில் உயிரோடிருந்த ஒரே விஷயம். அதை அங்கே வைத்த இயக்குநரின் துணிச்சலைப் பாராட்டுகிறோம்.'

தலைவர் பயிற்சி வகுப்பிலேயே பேசினார்.

"நண்பர்களே, சிலர் கேட்கிறார்கள், அந்தச் சிரிப்பு பிரதியில் இருந்ததா என்று. இருந்தது. நான்தான் எழுதினேன். எழுத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒன்பது நிமிடம் நான் எதையுமே எழுதாமல் விட்டது எதற்காக? இந்தச் சிரிப்புக்கு இடம் விடத்தான்! உண்மையான கலைஞன் தான் செய்யாததையும் செய்தவன். இந்த மனிதர் வெறும் வாய். சிரித்தவன் நான்."

அன்று மாலையே உத்தரவு கைக்கு வந்தது. இனி ஒவ்வொரு காட்சியிலும் பல்செட்காரர் ஆறாம் வரிசை பதினான்கில் அமர்ந்து, நான்காம் நிமிடம் இருபதாம் விநாடியில் ஆறு விநாடி சிரிக்க வேண்டும். பழைய தண்டனை என்ன ஆயிற்று என்று கேட்டார். அது வேறு கோப்பு, அது பாட்டுக்கு நடக்கும் என்றார் ரசனை அலுவலர். ஆக, சிரித்ததற்காக மாலை நான்கு மணிக்குப் பயிற்சி, ஏழு மணிக்குச் சிரிப்பு.

சிரிப்பு வரவில்லை.

முதல் காட்சியில் தொண்டையைச் செருமினார். இரண்டாவதில் 'ஹெ' என்றார். மூன்றாவதில் பல்லை மட்டும் காட்டினார். எதிர்வினைப் பிரிவு ஆள் கடிகாரத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, இருபதாம் விநாடி வந்ததும் இவர் விலாவில் இடித்தார். அதற்கு 'ஆ' என்றுதான் வந்தது. தலைவர் தனி ஒத்திகை வைத்தார்.

"இது பல்செட் சிரிப்பு! எனக்கு அன்றைய சிரிப்பு வேண்டும். அன்றைக்கு எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்!"

"தெரியலைங்க."

"வேண்டுமென்றே மறைக்கிறீர்கள். மன்றத்தின் சொத்தை நீங்கள் பதுக்குகிறீர்கள்!"

பதுக்கல் நான்காவது குற்றமானது. அன்று வீட்டுக்கு வந்த பல்செட்காரர், கண்ணாடி முன்னால் நின்று வாயை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அதை வாசலிலிருந்து பார்த்தார். உள்ளே போய் நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மன்றத்துக்குப் போனார். மூன்றாம் மாடியில் தலைவர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"அவரை விடுங்க. அன்னைக்கு அவர் காதுல சொன்னது நான்" என்றார். சொன்ன வாக்கியத்தையும் ஓர் எழுத்து குறையாமல் சொன்னார். வீட்டுப்பாடம், நிற்க வைப்பது, டிக்கெட்.

தலைவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கள், மெதுவாக" என்றார். ரசனை அலுவலர் எழுதிக்கொண்டார். டீச்சரை மரியாதையாக லிப்ட் வரை கொண்டுவந்து விட்டார்கள். அந்த மரியாதையிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த வாக்கியம் நாடகத்தில் இருந்தது. சுவரைப் பார்த்து நின்ற கதாநாயகன் நான்காம் நிமிஷம் திரும்பி, சபையைப் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்க, "நான் வீட்டுப்பாடம் செய்யாதவன்! என்னை நிற்க வைத்தவர்களே, இதற்கு டிக்கெட் போட்டதுண்டா?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வினைப் பிரிவினர் ஏழு பேர் உத்தரவுப்படி சிரித்தார்கள். நோட்டீஸில் 'வசனம்: தலைவர்' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது.

அந்த நாடகத்தை மூன்று தடவை பார்த்த டிராயிங் மாஸ்டர், பள்ளி ஆசிரியர் அறையில் இந்த வசனத்தைச் சிலாகித்தார். டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அது என்னோடது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான்காம் நாள் அவர் பெயருக்குக் கடிதம் வந்துவிட்டது.

'மன்றத் தலைவரின் படைப்பில் இடம்பெறும் வசனத்தை, அது எழுதப்படுவதற்கு அறுபத்தொரு நாட்களுக்கு முன்பாகவே, உரிமை ஏதுமின்றி, பொது இடத்தில், தாழ்ந்த குரலில் தாங்கள் கூறியதாகத் தங்கள் வாய்மொழியாலேயே தெரியவருகிறது.'

இந்த விசாரணைக்குப் பல்செட்காரரும் கூடப் போனார். தலைவர் இப்போதும் நின்றுகொண்டிருந்தார். டீச்சரும் உட்காரவில்லை.

"அறுபத்தொரு நாள் முன்னால நான் சொன்னேன். அப்புறம் அவர் எழுதினார். இதுல யார் யாரைப் பார்த்து எழுதினாங்க?" என்று கேட்டார். "மூணாம் கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லிடும்."

தலைவர் இரக்கத்தோடு சிரித்தார். "அது கணக்கு, அம்மா. கலையில் முன் பின் கிடையாது. அந்த வசனம் எனக்குள் முப்பது வருடமாக இருந்தது. உங்கள் வாய் அவசரப்பட்டுவிட்டது."

ரசனை அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார். ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'அந்த வாக்கியம் என்னுடையதல்ல. தலைவருடையதை அறியாமல் முன்கூட்டிச் சொன்னதற்கு வருந்துகிரேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டா கோப்பு மூடிடும். உங்க துறைக்குக் கடிதம் போகாது. அடுத்த வாரம் உங்க பட்டியல் வருதாமே?" என்றார் ரசனை அலுவலர். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பல்செட்காரர் மனைவியின் முழங்கையைத் தொட்டார். "போட்டுடு டீச்சர். ஒரு வாக்கியம்தானே. நீ வீட்டுல தினம் பத்து சொல்றே."

டீச்சர் தாளைக் கையில் எடுத்து இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். அந்தத் தலைமையாசிரியை நாற்காலி அவருக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"இருபத்தாறு வருஷம், பாத்து எழுதினவன் பேப்பர்ல பூஜ்யம் போட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "அவன்கிட்ட மன்னிப்பு கேட்டதில்ல. இனிமே எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

தாளின் ஓரத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி வட்டமிட்டு, 'வருந்துகிறேன்' என்பதில் இருந்த எழுத்துப்பிழையையும் திருத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

பட்டியல் வந்தது. தலைமையாசிரியர், டிராயிங் மாஸ்டர். கணவனும் மனைவியும் நகரத்தின் எந்த அரங்கத்திலும் ஆயுளுக்கும் கால் வைக்கக் கூடாது என்று தனியே ஓர் உத்தரவு. இருவர் போட்டோவும் அரங்க வாசலில் ஒட்டப்பட்டது. டீச்சரின் தம்பியை நாற்காலிப் பிரிவிலிருந்து நிற்கும் இடப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவனுக்கு நாற்காலி கிடையாது.

டிராயிங் மாஸ்டர் பதவி ஏற்ற அன்று, டீச்சர் பள்ளியிலிருந்து வந்து, பையை மடியில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பல்செட்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறியது. இன்னொன்று போட்டார்.

"நான் அன்னைக்குச் சிரிக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

"நீங்க சிரிக்கத்தாங்க நான் சொன்னேன்" என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வெளிய போகலாம்" என்று எழுந்தார்.

போக இடம் எதுவும் இல்லாததால் கால் போன போக்கில் அரங்கத் தெருவுக்கே வந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த போட்டோக்கள் சுவரின் பாதியை அடைத்திருந்தன. எதிர்ப்பக்க நடைபாதையில் அந்த போட்டோக்களுக்கு உரியவர்களே நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் இருந்தார். இறுதித் தேர்விலும் தூங்கிவிட்டாராம். நர்ஸ் அம்மா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். தாள்கள் படபடவென்று பிரிந்தன. நாற்பது பேர் இருக்கும். யாரோ பாடினார்கள். யாரோ ரசனை அலுவலர் மாதிரி நடந்து காட்டினார்கள். எதிரே அரங்கத்துக்குள் பதினெட்டுப் பேர் சுவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏழு பேர் சம்பளத்துக்கு.

அப்படிக் கூடிய மூன்றாம் வாரம் தம்பி சாலையைத் தாண்டி ஓடி வந்தான். கையில் டிக்கெட் புத்தகம், தோளில் அளவு டேப்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. நீங்க நிக்கற இடத்தை மன்றத்தோட திறந்தவெளி அரங்கம்னு தலைவர் அறிவிச்சுட்டாரு. நாற்பது பேர் வர்ற நிகழ்ச்சி நகரத்துல வேற இல்லையாம். எல்லாரும் டிக்கெட் வாங்கணும். தடை வேற கோப்பாம். நிற்கும் இடம்கறதால என் பிரிவு."

"எதுவரைக்கும்டா அரங்கம்?"

"அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்."

டீச்சர் கம்பத்தைப் பார்த்தார். நடந்தார். நாற்பது பேரும் அவர் பின்னால் நடந்து, கம்பத்தைத் தாண்டி நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

மறுவாரம் மன்றம் எல்லையைப் பஸ் நிறுத்தம் வரை நீட்டியது. அவர்கள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டினார்கள். அதற்கடுத்த வாரம் மருந்துக்கடை மூலை. அப்புறம் மார்க்கெட் தெரு முழுக்க. போகிற தெருவிலெல்லாம் ஐந்தாறு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நம் மன்றம் நுழையாத தெரு இனி நகரத்தில் இருக்காது என்று தலைவர் ஆண்டறிக்கையில் எழுதினார். அதற்கு ஒரு பரிசும் வாங்கினார். யார் கொடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை ஆற்றங்கரையில் கூட்டம். தம்பி மூச்சிரைக்க வந்து, தரையில் முட்டி போட்டு, டேப்பை இழுத்து அளந்து, நோட்டில் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"பதினெட்டை முப்பத்தஞ்சால பெருக்கினா அறுநூத்து நாற்பதாடா? அறுநூத்து முப்பது. எழுதறதைச் சரியா எழுது. நாளைக்கு உன் மேல விசாரணை வைப்பாங்க."

அவன் அடித்துத் திருத்தினான். "அக்கா, அடுத்த வாரமாவது இங்கேயே நில்லுங்களேன். என்னால முடியல."

"அடுத்த வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் டீச்சர். "இந்த டேப் பத்தாது. நீளமா ஒண்ணு வாங்கிட்டு வா."